பூட்டும் பாவும்

"இன்னும் முடிக்கலை சார். முடிச்சுட்டு காட்டறேன்."

தமிழ்நாட்டில் அதிகமாகச் சொல்லப்படும் பொய் எது என்று போட்டி வைத்தால், முதல் பரிசு 'நாளைக்குத் தர்றேன்' என்பதற்குப் போகும். இரண்டாம் பரிசு சந்தேகமில்லாமல் மேலே இருக்கும் வாக்கியத்துக்குத்தான். ஊர் வரலாறு எழுதுகிற ஓய்வுபெற்ற வாத்தியார் இதைச் சொல்கிறார். நாடகம் எழுதுகிற மின்வாரிய ஊழியர் சொல்கிறார். ஏழு வருஷமாக முனைவர் பட்டம் செய்கிறவர் சொல்கிறார். சமையல் குறிப்புகளை டைரியில் எழுதி வைத்திருக்கும் அத்தைகூட, "அதெல்லாம் ஒழுங்கா எழுதலைப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். ஒவ்வொரு வீட்டு பீரோவிலும் ஒரு நோட்டு இருக்கிறது. அந்த பீரோவுக்கு ஒரு பூட்டும் இருக்கிறது.

அப்புறம் என்ன ஆகும்? எழுதியவர் ஒருநாள் போய்ச் சேருவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டை ஒதுக்குவார்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வருவார். நாற்பது வருஷ உழைப்பு கிலோ கணக்கில் எடை போடப்பட்டு, அடுத்த வாரம் ஏதோ ஒரு டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுக்கப்படும். எண்ணெயில் நனைந்த எழுத்தைத்தான் கடைசியில் ஊர் படிக்கும். அதுவும் பஜ்ஜி தீர்ந்த பிறகு.

பூட்டு என்றதும் திண்டுக்கல் ஞாபகம் வந்துவிடும். கைவேலையில் பேர் வாங்கிய திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீடு வந்த நேரத்தில் பட்டறைகள் குறைந்துபோயிருந்தன. அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் சந்தையைப் பிடித்துவிட்டன. வித்தை தெரிந்த கைகளுக்கு வயசாகிவிட்டது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு பூட்டின் சாவி ரகசியமாக இருக்க வேண்டியதுதான். பூட்டு செய்கிற வித்தை ஒருத்தர் கையோடு மட்டும் நின்றுவிட்டால், அந்தக் கை ஓய்கிற அன்றைக்கு வித்தையும் ஓய்ந்துவிடும்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் சின்னாளபட்டி. சேலைக்குப் பேர் போன ஊர். நெசவாளர் தெருக்களின் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள். சேலை இன்னும் பிறக்கவே இல்லை, வெறும் நூல்தான். அந்த வெறும் நூல் ஊரே பார்க்கத் தெருவில் கிடக்கும். எந்த இழை அறுந்தது என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரியும். எதிர்வீட்டுக்காரரே வந்து அறுந்த இழையை முடிச்சுப் போடுவார். "என் பாவை நீ எப்படிப் பார்க்கலாம்?" என்று எந்த நெசவாளியும் சண்டைக்குப் போவதில்லை.

நாம் எழுதுவதும் படிப்பதும் ஆராய்ச்சி செய்வதும் பூட்டுப் பட்டறை மாதிரி நடக்க வேண்டுமா, பாவு போட்ட தெரு மாதிரி நடக்க வேண்டுமா? இந்த வாரம் பேச வேண்டியது அதுதான்.

* * *

இதே மாவட்டத்தில் இதற்கு சாட்சி சொல்ல ஓர் ஊரே இருக்கிறது. கொடைக்கானல் பஸ் டீக்கு நிற்குமே, அந்த வத்தலக்குண்டு.

1872-ல் அங்கே பிறந்தவர் ராஜம் அய்யர். 1893-ல் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் மாதாமாதம் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார். 'கமலாம்பாள் சரித்திரம்'. அப்போது அவருக்கு இருபத்தோரு வயசு. தமிழில் நாவல் எப்படி இருக்க வேண்டும் என்று எடுத்துப் பார்க்க அவருக்கு முன்னால் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' போல விரல் விட்டு எண்ணக்கூடியவைதான் இருந்தன. முழுசாக எழுதி, அடித்துத் திருத்தி, பெரியவர்களிடம் காட்டி, பிறகு அச்சுக்குக் கொடுக்கலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. எழுத எழுத வெளியிட்டார். 1895-ல் கதை முடிந்தது. 1896-ல் புத்தகமாக வந்தது.

அந்த நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் தையல் தெரியும். முன்பாதியில் கிராமத்து வம்பும் கேலியும் ஜல்லிக்கட்டும் துள்ளுகின்றன. பின்பாதி வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. இரண்டும் ஒட்டவில்லை என்று விமர்சகர்கள் நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நியாயம்தான். சாவகாசமாக உட்கார்ந்து திருத்தியிருந்தால் ஒட்டியிருக்குமோ என்னவோ.

ஆனால் சாவகாசத்துக்கு எங்கே போவார்? 1898-ல் ராஜம் அய்யர் இறந்துபோனார். வயசு இருபத்தாறு. 'நாற்பது வயசில் பக்குவம் வந்ததும் எழுதலாம்' என்று இருந்திருந்தால் நாற்பதும் இல்லை, நாவலும் இல்லை. தையல் தெரிகிற சட்டையா, சட்டையே இல்லாத உடம்பா? எது வேண்டும் உங்களுக்கு?

அதே வத்தலக்குண்டுக்காரர் பி.எஸ்.ராமையா. 'மணிக்கொடி' 1935-ல் சிறுகதைப் பத்திரிகையாக மாறியபோது அதை நடத்தியவர். தமிழில் சிறுகதை என்றால் என்ன என்று யாருக்கும் முழுசாகத் தெரியாத காலம். தெரிந்துகொண்டு எழுதலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எழுதித் தெரிந்துகொண்டார்கள், அதுவும் வாசகன் கண் முன்னால்.

மூன்றாவது ஆள் சி.சு.செல்லப்பா. சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். 1959 முதல் 1970 வரை கைக்காசைப் போட்டு 'எழுத்து' நடத்தினார். எதுகை மோனை இல்லாமல் எழுதுவதெல்லாம் கவிதையே இல்லை, பாதியில் நின்றுபோன உரைநடை என்று பண்டிதர்கள் சிரித்தார்கள். செல்லப்பா அந்தப் 'பாதியை' அச்சிட்டார். திருகோணமலையிலிருந்து எழுதிய, இருபது வயதை ஒட்டிய பிரமிளுக்கு அதில் இடம் கிடைத்தது. வெங்கட் சாமிநாதன் என்ற விமர்சகர் அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தார். ஒருத்தர் கட்டுரை எழுதுவார், அடுத்த இதழில் இன்னொருத்தர் மறுப்பார், அதற்கடுத்த இதழில் பதில் வரும். பாவு தெருவில் கிடந்தது. இழை இழையாகச் சேர்ந்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் புதுக்கவிதை இருக்கிறது என்றால் அன்றைக்கு அந்த அரைகுறையை வெளியில் காட்ட ஓர் ஆளுக்கு தைரியம் இருந்தது என்று அர்த்தம்.

ஒரே ஊர். மூன்று பேர். மூன்று பேரும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே கதவைத் திறந்து வைத்தவர்கள்.

* * *

"அவங்கெல்லாம் மேதைகள் சார். நம்ம கிறுக்கலைப் போய்..." என்று இழுப்பவர்களுக்கு ஒரு சங்கதி.

கிறுக்கல் என்றால் ராமானுஜத்தின் நோட்டுகளைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முடிவுகள் மட்டும் இருக்கும், நிரூபணம் இருக்காது. கணக்கு வாத்தியார் பார்த்தால் 'வழிமுறை எங்கே?' என்று பாதி மார்க்கைக் கழித்துவிடுவார். 1911-ல் அவர் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்கென்று கணக்குகள் போட ஆரம்பித்தார். முடிவே இல்லாமல் வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாகப் போகும் ஒரு கணக்குக்கு யாரிடமிருந்தும் விடை வரவில்லை. கடைசியில் அவரே விடையைச் சொன்னார். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக அலுவலக குமாஸ்தாவாக இருந்துகொண்டு கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள். நிரூபணம் கிட்டத்தட்ட கிடையாது. அதில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது தப்பு.

தப்போடு அனுப்பினார் ஐயா! தப்பைப் பார்த்து ஹார்டி கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. கப்பலேறி வரச் சொன்னார். நிரூபணம் முழுசாகக் கிடைத்ததும் எழுதலாம் என்று ராமானுஜம் உட்கார்ந்திருந்தால், 1920-ல் முப்பத்திரண்டு வயசில் அவர் போனபோது கூடவே எல்லாம் போயிருக்கும். அவருடைய நோட்டுகள் 1957-ல் கையெழுத்து அப்படியே இருக்க அச்சாகி வெளிவந்தன. தொலைந்துபோனதாக நினைத்த தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கிடைத்தன. முடிக்காத அந்த நோட்டை வைத்துக்கொண்டு உலகம் பூராவும் கணித மேதைகள் இன்னும் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்த் தாத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உ.வே.சாமிநாதையர் 1940-ல், எண்பத்து நாலு வயதைத் தாண்டிய பிறகு, 'ஆனந்த விகட'னில் 'என் சரித்திரம்' எழுத ஆரம்பித்தார். வாரா வாரம். 1942 ஏப்ரலில் காலமானார். சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகான நாற்பது வருஷ வாழ்க்கை அதில் இல்லை. தமிழின் மிகச் சிறந்த தன்வரலாறு, பாதியில் நின்ற புத்தகம்! 'முழுசா எழுதி முடிச்சுட்டுத் தர்றேன்' என்று தாத்தா சொல்லியிருந்தால், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் படித்த கதை நமக்கு இந்த அளவுக்குத் தெரிந்திருக்குமா?

அரங்கேற்றம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். இன்றைக்கு அதற்கு அர்த்தம் மண்டபம், பட்டுப்புடவை, கேசரி, போட்டோகிராபர். பழைய அர்த்தம் அதுவல்ல. தொல்காப்பியத்தின் பாயிரத்தைப் பாருங்கள். பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் என்ற பெரியவருக்கு முன்னால் நூலை வைத்துக் குற்றமறச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் கேட்பதற்கென்றே கூடுகிற சபை. கை தட்டுவதற்குக் கூடுவதல்ல. குற்றம் கேட்கிற சபையை ஒழித்துவிட்டு, பொன்னாடை போர்த்துகிற சபையை வைத்துக்கொண்டோம். அப்புறம் எவன் அரைகுறையைக் காட்டுவான்?

* * *

எதிர்க்கட்சிக்கும் பேச நேரம் கொடுப்போம்.

முதல் ஆட்சேபம், 'திருடிவிடுவார்கள்.' இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி நீங்கள் எழுதிய எழுத்துக்கு எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. தேதி போட்டு நாலு பேர் முன்னால் படித்த கதை உங்களுடையது என்று சாட்சி சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பீரோவுக்குள் இருக்கிற கதைக்குக் கரப்பான்பூச்சிதான் சாட்சி. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. புதுசாக ஒரு கருவி, ஒரு இயந்திரம் கண்டுபிடித்து காப்புரிமை வாங்கப் போகிறீர்கள் என்றால், விண்ணப்பம் போடும்வரை வாயைத் திறக்காதீர்கள். முன்பே வெளியிட்டால் 'புதுசு' என்ற தகுதி போய்விடும். உங்கள் கவிதைக்கு அந்தப் பிரச்னை இல்லை.

இரண்டாவது ஆட்சேபம், 'சிரிப்பார்கள்.' ஆமாம், சிரிப்பார்கள். செல்லப்பாவைப் பார்த்தும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பேர் இப்போது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. 'ஏற்கெனவே ஊர் பூரா அரைவேக்காடு. காலையில் எழுந்ததும் செல்போனைத் திறந்தால் ஆளாளுக்கு மருத்துவம், சரித்திரம், சாபம். இதில் நீங்கள் வேறு அரைகுறையைக் கொட்டச் சொல்கிறீர்களா? தம் போட்ட பிரியாணி அண்டாவை நடுவில் திறக்கக் கூடாது என்று திண்டுக்கல்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா?'

நல்ல கேள்வி. பிரியாணியிலேயே பதில் இருக்கிறது. தம் போட்ட பிறகு திறக்கக் கூடாதுதான். ஆனால் மூடி போடுவதற்கு முன்னால் மாஸ்டர் என்ன செய்கிறார்? ஒரு கரண்டி மசாலாத் தண்ணியை எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவரிடமும், "அண்ணே, உப்பு சரியா இருக்கா பாருங்க" என்கிறார். இறக்கிப் பரிமாறிய பிறகு உப்பு பத்தவில்லை என்றால் அண்டாவோடு போச்சு. நான் சொல்வது அந்த ஒரு கரண்டிதான்.

அரைவேக்காட்டுக்கும் அந்த ஒரு கரண்டிக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று. அரைவேக்காடு தன்னை முழுச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளும். நேர்மையான குறிப்பு, 'இது முடியவில்லை, இந்தத் தேதிவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவு, தப்பிருந்தால் சொல்லுங்கள்' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வரும். காந்தி 1925-லிருந்து 1929 வரை 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் தன் கதையைத் தொடராக எழுதியபோது அதற்கு வைத்த பேரே 'சோதனை'. தீர்ப்பு என்று பேர் வைக்கவில்லை. பிற்பாடு தன் எழுத்தில் முன்னுக்குப் பின் முரண் இருந்தால் கடைசியாக எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. பேர் வைத்துவிட்டோம். அந்தப் பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தவர் அந்தரங்கம், நோயாளியின் விவரம், நிரூபிக்காத குற்றச்சாட்டு, இதையெல்லாம் 'குறிப்பு' என்று சொல்லி வெளியில் வீசுவது அயோக்கியத்தனம். அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

* * *

இதுவரை பேசியது தனி மனிதர்களைப் பற்றி. அவர்கள் 'முடியவில்லை' என்று சொல்வது கூச்சத்தால். மன்னிக்கலாம். ஆனால் அரசாங்கமும் அதே வார்த்தையைச் சொல்கிறது. அங்கே அதற்குப் பேர் கூச்சம் இல்லை, அதிகாரம்.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்று ஒரு கிராமம். இதே மாவட்டம்தான். 2009-லும் 2010-லும் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஓர் ஈமக்குழியில் நாலு கால் ஜாடி. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும் கிடைத்தது. நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று காலம் வந்தது. உடனே விஷயம் வெளியே வந்தது. 'ஒரே ஒரு மாதிரியை வைத்து எழுத்தின் காலத்தை முடிவுகட்ட முடியாது' என்று பெரிய அறிஞர்களே தயங்கினார்கள். சரி என்று இன்னொரு மாதிரியை அனுப்பினார்கள். கி.மு. 450 என்று வந்தது. விவாதம் தொடர்ந்தது. தப்பா? இல்லை. அதுதான் ஆராய்ச்சி. பாவு தெருவில் கிடந்தது. ஒருத்தர் அறுந்த இடத்தைக் காட்டினார். மற்றவர் முடிச்சுப் போட்டார்.

இப்போது பூட்டுப் போட்ட கதைக்கு வாருங்கள். ஆதிச்சநல்லூரில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது 2004-05-ல். முழு அறிக்கை பத்து வருஷத்துக்கு மேலாகியும் வரவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட வேண்டியிருந்தது. நம் கோயில் சுவர்களிலிருந்து படியெடுத்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021 ஆகஸ்டில் அதே மதுரைக் கிளைதான் உத்தரவு போட வேண்டியிருந்தது. கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வு பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தித் தரச் சொல்லித் துறை திருப்பியது. அவர் தன் முடிவுகளில் உறுதியாக நின்றார்.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தொல்லியல்காரன் இல்லை. என் கேள்வி சின்னது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்த 982 பக்கமும் யாருக்காகப் பூட்டப்பட்டது? அறிக்கையில் ஓட்டை இருந்தால், அறிக்கையையும் வெளியிட்டு, ஓட்டையையும் பக்கத்திலேயே எழுதி வெளியிடட்டுமே. 'திருத்தினால்தான் வெளியீடு' என்று சொல்கிறபோது, எது முடிந்தது எது முடியவில்லை என்று தீர்மானிக்கிற சாவி ஒரே ஓர் அலுவலகத்தின் இடுப்பில் தொங்குகிறது. தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் கீழடி பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டதே, ஜனங்கள் வாங்கிப் படிக்கவில்லையா? அதுவும் கடைசி வார்த்தை இல்லை. தோண்டத் தோண்ட அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருந்தது. அதனால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பிடித்துக் கீழடிக்குப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று. மக்கள் பணத்தில் எடுக்கப்படும் எந்தக் குறிப்பும், அகழாய்வோ கல்வெட்டுப் படியோ, ஒரு வருஷத்துக்குள் 'இடைக்காலக் குறிப்பு' என்ற முத்திரையோடு வெளியே வர வேண்டும். மாறுபட்ட கருத்து இருந்தால் அதுவும் சேர்ந்து வர வேண்டும். கோர்ட்டுக்குப் போய்த்தான் சரித்திரம் படிக்க வேண்டும் என்ற நிலை வெட்கக்கேடு.

இரண்டு. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் 'முடியாதவை' என்று ஓர் அலமாரி வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிற நோட்டுகள் அங்கே போகட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்த புத்தகமும் நோட்டீசும்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஒருத்தரால் முடிந்தது, ஒரு அரசாங்கத்தால் முடியாதா? திண்டுக்கல்லிலேயே ஆரம்பிக்கலாம். அந்த அலமாரிக்கு மட்டும் பூட்டு வேண்டாம்.

மூன்றாவது உங்களுக்கு. ஆமாம், பீரோவில் நோட்டு வைத்திருக்கும் உங்களுக்குத்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து பத்துப் பக்கத்தை எடுங்கள். மேலே தேதி போடுங்கள். 'இன்னும் முடியவில்லை' என்று எழுதுங்கள். நூலகத்திலோ பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ டீக்கடை பெஞ்சிலோ நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள். ஒருத்தர் கொட்டாவி விடுவார். ஒருத்தர் சிரிப்பார். மூன்றாமவர், "அந்தக் கிணறு வடக்குத் தெருவில் இல்லைங்க, கீழத் தெருவில்" என்று சொல்வார். நாற்பது வருஷமாக உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் அங்கே திருத்தப்பட்டுவிடும்.

அந்த மூன்றாமவருக்கும் வயசாகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் முடிக்கும்வரை அவர் இருப்பார் என்று என்ன நிச்சயம்?